எம்பி3 பிளேயரைக் கண்டுபிடித்தவர் யார்?

கேள்வி

எம்பி3 பிளேயர் என்றதும் பலருக்கும் 2001-ல் வெளிவந்த ஐபாட்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இங்கிலாந்தைச் சேர்ந்த கேன் கிரேமர் 1979-லேயே இத்தகைய கருவியை வடிவமைத்துவிட்டார் என்று படித்தேன். அப்படியானால் அது கடைக்கு வர ஏன் இவ்வளவு காலம் ஆனது? ஐபாடை முதல் கருவி என்பது தவறா?

மறுமொழி 1

தவறுதான். ஆனால் கிரேமரின் யோசனையைப் பாட்டுக் கேட்கும் கருவியாக்க அன்றைய நினைவகச் சில்லுகளில் இடம் போதவில்லை. அவருடைய வடிவமைப்பில் மூன்றரை நிமிட ஒலியைத்தான் சேமிக்க முடிந்தது. புதுப்பிக்கப் பணம் திரட்ட முடியாததால் அவருடைய காப்புரிமையும் 1988-ல் காலாவதியானது.

சிடியில் ஒரு நொடி ஒலிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தேவை. ஓர் ஒலி உரத்து எழும்போது அதையொட்டிய மெல்லிய ஒலிகள் நம் காதுக்கு எட்டுவதில்லை என்பதைப் பயன்படுத்தி, ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் வளர்த்தெடுத்த எம்பி3 முறை, அதை 128 கிலோபிட் அளவுக்குச் சுருக்கியும் கேட்கத்தக்கதாக வைத்தது. அப்படியும் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 1 மெகாபைட் வேண்டும். ஆகவே 1998-ல் தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் 32 மெகாபைட் நினைவகத்துடன் விற்ற எம்பிமேனில் அரை மணி நேரப் பாட்டுக்கே இடமிருந்தது. விற்பனைக்கு வந்த முதல் எம்பி3 பிளேயர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது அதுவே.

மறுமொழி 2

இதில் ஒரு வழக்கையும் சேர்க்க வேண்டும். இந்த வரலாற்றில் எந்தக் கருவியையும்விட அதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதே 1998-ல் டைமண்ட் நிறுவனம் ரியோ பிளேயரைக் கொண்டுவந்தபோது, அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் அதற்குத் தடை கோரியது. ரியோ கணினியின் வன்தட்டில் இருக்கும் கோப்பைத்தான் எடுத்துக்கொள்கிறது என்பதால் வீட்டு ஒலிப்பதிவு பற்றிய 1992-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் சொல்லும் பதிவுக் கருவியாகாது என்று 1999 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு மாறியிருந்தால், பின்வந்த நிறுவனங்கள் இத்துறையில் இறங்கவே தயங்கியிருக்கும்.

மறுமொழி 3

ஐபாடின் பங்கையும் குறைத்துவிட வேண்டாம். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 2000-லேயே 6 ஜிகாபைட் பிளேயரை விற்றது. ஆனால் அது சிடி பிளேயர் அளவுக்குப் பெரியது, பாட்டேற்றுவதும் நொடிக்கு 12 மெகாபிட் வேகத்துக்கு மிகாத யூஎஸ்பி வழியாகத்தான். ஆப்பிளோ தோஷிபாவின் 1.8 அங்குல வன்தட்டையும் நொடிக்கு 400 மெகாபிட் வேகமுள்ள ஃபயர்வயர் என்ற கம்பி இணைப்பையும் சேர்த்து, 5 ஜிகாபைட்டைச் சட்டைப்பைக்குள் அடக்கியது. இருந்தும் முதலில் ஆப்பிளின் மேக் கணினி வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே அது பயன்பட்டது. 2003-ல் பாட்டுக்கு 99 சென்ட் விலையில் ஐடியூன்ஸ் என்ற இணையப் பாட்டுக் கடை திறந்து, அவ்வாண்டு அக்டோபரில் அக்கடை விண்டோஸுக்கும் வந்த பின்னரே ஐபாட் விற்பனை பெருகியது.