அண்டர்பெர்க்கில் ஓர் அமாவாசை இரவு: எட்டு அங்குல டாப்சோனியனில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். 200 மி.மீ. ஆடியும் 1200 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்றை அண்மையில் வாங்கினேன். அதனுடன் 25 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைகள்) வந்தன. எங்கள் வீட்டுப் பின்முற்றத்திலிருந்து நிலவின் பள்ளங்களும் சனியின் வளையமும் நன்றாகவே தெரிகின்றன. ஆனால் தெருவிளக்குகளின் வெளிச்சமும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்வதால், ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து கூட ஒரு மங்கிய திட்டாக மட்டுமே தெரிகிறது. விண்மீன் திரள்களை (கேலக்ஸிகளை) கண்டுபிடிக்கவே முடியவில்லை.

ஆகவே ஜூன் மாத அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை இரவை டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில், அண்டர்பெர்க் அருகே ஒரு பண்ணை விடுதியில் கழிக்கத் திட்டமிட்டிருக்கிறேன். ஓர் இரவுதான் கிடைக்கும் என்பதால் எந்தப் பொருளை எந்த நேரத்தில் பார்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். நெபுலாக்களுக்கென்று (விண்வெளியின் வாயு, தூசு மேகங்களுக்கென்று) விற்கப்படும் ஃபில்டர் வாங்கத் தகுந்ததா? படங்களில் உள்ள நிறங்களில் ஏதேனும் ஒன்றாவது கண்ணுக்குத் தெரியுமா?

என் அம்மாவும் உடன் வருகிறார். தன் திருமணத்தன்று ஐயர் வானத்தைக் காட்டி அருந்ததியைப் பார்க்கச் சொன்னதாகவும், அன்று எதையும் பார்க்காமலே தலையாட்டி வைத்ததாகவும் அவர் சொல்வார். தென்னாப்பிரிக்காவிலிருந்து அருந்ததி உண்மையிலேயே தெரியுமா?

பதில் 1 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வணக்கம் தம்பி. நல்ல மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நம் குவாசுலு-நட்டாலில் மழை கோடையில்தான் பெய்யும். மே முதல் ஆகஸ்ட் வரை மலைப்பக்கத்து இரவுகள் பெரும்பாலும் வறண்டு தெளிந்திருக்கும். குளிர்காலத்தில் புல்வெளிகளில் தீத்தடுப்புக்காக வைக்கும் தீயின் புகைதான் ஒரே தொல்லை. கடற்கரைப் பக்கம் கரும்புத் தோட்டம் கொளுத்தும் புகையை நீங்கள் அறிவீர்கள். மலையிலும் காற்று அதேபோல் கலங்கலாம், ஆகவே புறப்படுமுன் விடுதிக்காரரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாலை ஐந்து மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடும். ஆறரை மணிக்கு வானம் முழுதாக இருண்டிருக்கும். அதற்குள் இரண்டு வேலைகள் முடிந்திருக்க வேண்டும். காரில் குலுங்கி வந்ததில் ஆடிகள் சற்றே விலகியிருக்கும், அவற்றை நேர்செய்யுங்கள். பிறகு தொலைநோக்கியை வெளியில் வைத்து ஒரு மணி நேரமாவது குளிர விடுங்கள். ஆடி சூடாக இருக்கும்வரை குழாய்க்குள் வெப்பக்காற்று சுழன்று, விண்மீன்கள் கொதிப்பதுபோல் நடுங்கும். புதியவர்கள் பலர் இதைத் தொலைநோக்கியின் குறை என்று எண்ணிவிடுகிறார்கள்.

வரிசையைப் பொறுத்தவரை, மேற்கே சாய்கிறவற்றை முதலில் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே விதி. இருட்டியதும் தென்மேற்கில் ஏறத்தாழ 25 பாகை உயரத்தில், நம் பால்வெளிக்கு அண்டையிலுள்ள சிறு விண்மீன் திரளான பெரிய மெகல்லன் மேகம் தாழ்ந்துகொண்டிருக்கும். அதிலுள்ள டரான்டுலா நெபுலா 1,60,000 ஒளியாண்டுத் தொலைவிலிருந்தும் கண்ணில் படும் அளவுக்குப் பெரியது, ஆகவே அதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து, தெற்கே உயரத்தில் கரினா நெபுலா. 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு பெரிதாக்கினால், இருண்ட பிளவுகள் ஊடறுக்கும் அந்த ஒளிப்பரப்பு பார்வைப்புலத்தையே நிரப்பிவிடும். ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1834 முதல் 1838 வரை கேப்டவுனின் கிளேர்மான்ட் பகுதியில் தங்கித் தென்வானத்தை ஆராய்ந்தபோது, 1837 டிசம்பரில் இந்த நெபுலாவுக்குள் இருக்கும் ஈட்டா கரினே என்னும் விண்மீன் திடீரெனப் பொலிவுற்றிருப்பதைக் கண்டு திகைத்தார். 1843இல் அது சிரியஸுக்கு அடுத்த பொலிவுள்ள விண்மீனாகவே விளங்கியது. அப்போது அது வீசியெறிந்த தூசும் வாயுவும் இன்றும் அதைச் சூழ்ந்திருக்கின்றன; 10 மி.மீ. ஐபீஸில், அதாவது 120 மடங்கில், அது விண்மீன்போல் கூர்மையாக இல்லாமல் சிறிய ஆரஞ்சு நிற உருண்டையாகத் தெரியும்.

எட்டு மணியளவில் ஒமேகா சென்டாரி தன் மிக உயர்ந்த நிலைக்கு வரும். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் கொண்ட இந்தக் கோளக் கொத்து (பந்துபோல் திரண்ட விண்மீன் கூட்டம்) 17,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தும், இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கே தெரியும். முன்னோர் இதை ஒற்றை விண்மீன் என்றே பதிந்துவைத்திருந்தார்கள். செயின்ட் ஹெலினாத் தீவிலிருந்து பார்த்த வானியலாளர் ஹாலிதான் 1677இல் அப்படியல்ல என்று கண்டார். அங்கிருந்து தொலைநோக்கியை நேர் வடக்கே நான்கரை பாகை நகர்த்தினால் சென்டாரஸ் ஏ என்னும் விண்மீன் திரள் வரும். 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அந்த வட்ட ஒளியை ஒரு தூசுப்பட்டை குறுக்கே இரண்டாகப் பிளந்திருக்கும். டர்பனிலிருந்து இந்தப் பட்டை தெரியாது, மலையிலிருந்து தெரியும். நீங்கள் பெட்ரோல் செலவழித்துப் போவதற்கு இது ஒன்றே போதிய காரணம் என்பது என் கருத்து.

எம்83 என்னும் சுருள் திரளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. பிரெஞ்சு வானியலாளர் லகாய் 1752இல் கேப்டவுனிலிருந்து கண்டுபிடித்த இது, அண்டர்பெர்க்கின் அட்சரேகையில் ஏறத்தாழ தலைக்கு நேர் மேலே கடந்துபோகும். டாப்சோனியனைச் செங்குத்தாக நிறுத்திவிட்டால் பக்கவாட்டில் திருப்புவது பெரும்பாடு. எனவே ஏழு மணிக்கு முன்போ ஒன்பது மணிக்குப் பின்போ அதைப் பாருங்கள்.

பதில் 2 (கேப்டவுன்)

மேலே எழுதியிருக்கும் அண்ணனின் வரிசையோடு எனக்கு முரண்பாடில்லை. ஆனால் ஓர் இரவுக்கு அதுவே அதிகம் என்பேன். பட்டியலை முடிக்கும் அவசரத்தில் ஒவ்வொன்றையும் அரை நிமிடம் பார்ப்பவருக்கு எல்லாமே ஒரே மாதிரியான சாம்பல் திட்டாகத்தான் தெரியும். சென்டாரஸ் ஏ-வின் முன் இருபது நிமிடம் உட்கார்ந்திருங்கள். முதல் பார்வையில் இல்லாத தூசுப்பட்டை ஐந்தாம் நிமிடத்தில் தோன்றும், பத்தாம் நிமிடத்தில் அதன் ஓரங்கள் பிரியும்.

இதற்குக் காரணம் கண்ணிலேயே இருக்கிறது. மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் விழித்திரையின் நடுப்புள்ளியில் இல்லை. அதைச் சூழ்ந்த பகுதியில்தான் நெருங்கியிருக்கின்றன. எனவே பொருளை நேராக நோக்காமல் சற்றே பக்கத்தில் நோக்க வேண்டும். அவை முழுமையாக இருளுக்குப் பழக அரை மணி நேரம் எடுக்கும், செல்பேசித் திரையின் ஒரு நொடி வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். சிவப்பு விளக்கை மட்டும் பயன்படுத்துங்கள். விடுதியில் மற்றவர்கள் இருந்தால் முற்றத்து விளக்கை அணைக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதே கோல் செல்களுக்கு நிறம் பிரித்தறியும் திறன் இல்லை என்பதால்தான் நெபுலாக்கள் சாம்பலாகத் தெரிகின்றன. பொலிவான விண்மீன்களில் நிறம் தெரியும்: ஈட்டா கரினே ஒன்று, தென்சிலுவையின் பீட்டா விண்மீனுக்கு அருகிலுள்ள நகைப்பெட்டிக் கொத்து மற்றொன்று. நீலவெண் விண்மீன்களுக்கு நடுவே அதில் ஒரு செவ்விண்மீன் இருப்பதை உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள்.

ஃபில்டர் கரினா போன்ற ஒளிர்வாயு நெபுலாக்களுக்கு உண்மையாகவே உதவும். விண்மீன் திரள்களுக்கும் கொத்துகளுக்கும் அது பயன்படாது, அவற்றின் ஒளியையும் சேர்த்துக் குறைத்துவிடும். எனவே முதல் பயணத்துக்கு அந்தப் பணத்தைக் கம்பளியில் போடுங்கள். நள்ளிரவுக்குமேல் அங்கே உறைநிலைக்குக் கீழே போகும்.

இங்கே பலரும் வட கேப் மாகாணத்துச் சதர்லாந்துக்குத்தான் போக வேண்டும் என்பார்கள். சால்ட் என்னும் பெரிய ஆய்வுத் தொலைநோக்கி 2005 முதல் இயங்கும் அந்த மேட்டுநிலத்தின் வானம் ஒப்பற்றது என்பது மெய்தான். ஆனால் உங்களுக்கு அது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். ஜூனில் கேப் பக்கம் மழைக்காலம் வேறு.

பதில் 3 (டோங்காட்)

அருந்ததி பற்றிய கேள்விக்கு யாரும் விடை தரவில்லை என்பதால் எழுதுகிறேன். அருந்ததி, சப்தரிஷி மண்டலத்து வசிட்டர் விண்மீனான மைசாரை ஒட்டியே இருப்பது. மைசார் வானநடுவரைக்கு (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் செல்லும் கோட்டுக்கு) வடக்கே 55 பாகையில் உள்ளது. நாம் பூமியின் நடுவரைக்குத் தெற்கே 30 பாகையில் இருக்கிறோம். ஆகவே அது மிக உயரமாக வரும்போதும் நம் வடக்கு அடிவானத்துக்கு மேலே ஐந்து பாகைதான் எழும். கையை நீட்டிப் பிடித்தால் நடு மூன்று விரல்களின் அகலம் அது. ஜூன் நடுவில் இரவு எட்டு மணியளவில் அந்த உயரத்துக்கு வரும், அதன்பின் ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்திக்கொள்ளும்.

அவ்வளவு தாழ்வில் ஒளி தடித்த காற்றடுக்கைக் கடந்து வருவதால், அதில் முக்கால் பங்குக்கு மேல் காற்றே விழுங்கிவிடும். வசிட்டர் வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரியக்கூடும். அருந்ததிக்குப் பைனாகுலர் வேண்டும். உங்கள் தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸைப் போட்டால் இருவரும் ஒரே புலத்தில் வருவார்கள். 120 மடங்கில் வசிட்டரே இரண்டாகப் பிரிவதையும் பார்க்கலாம். அம்மாவின் திருமணம் பகலில் நடந்ததா இரவில் நடந்ததா என்று தெரியாது. டர்பனின் தெருவிளக்குகளுக்கு நடுவே என்றால் ஐயரும் எதையும் பார்த்திருக்க மாட்டார், அம்மா மனத்தாங்கல் கொள்ள வேண்டியதில்லை.

இடத் தேர்வில் ஒரே நிபந்தனை உண்டு. பெருமலை உங்களுக்கு மேற்கே இருக்கும், அது தடையில்லை. வடக்கே குன்றோ யூக்கலிப்டஸ் வரிசையோ இருந்தால்தான் காரியம் கெடும். பகலிலேயே திசைகாட்டி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஃபில்டரை இம்முறை விட்டுவிடுகிறேன். டரான்டுலா, கரினா, ஒமேகா சென்டாரி, சென்டாரஸ் ஏ ஆகிய நான்கோடு நிறுத்திக்கொண்டு, எட்டு மணிக்குத் தொலைநோக்கியை அம்மாவிடம் ஒப்படைப்பதாக முடிவு. விடுதிக்காரரிடம் இன்று பேசினேன். வீட்டின் வடபுறம் மரவரிசை இருக்கிறதாம். ஆனால் மாட்டுக்கொட்டகைக்கு அப்பால் உள்ள வெளியிலிருந்து வடக்கு அடிவானம் முழுதும் திறந்திருப்பதாகச் சொல்கிறார். காரை அங்கே கொண்டுபோய் நிறுத்த அனுமதியும் கொடுத்துவிட்டார். அம்மா உட்கார்ந்தபடி பார்க்க எவ்வளவு உயரமுள்ள நாற்காலி தேவைப்படும்?

பதில் 3 (டோங்காட்)

அடிவானத்தை நோக்கிக் குழாய் ஏறத்தாழப் படுத்திருக்கும்போது ஐபீஸ் தாழ்ந்துவிடும். சாதாரண முக்காலியே போதும். உச்சிவானத்தைப் பார்க்கும்போது அது மார்பளவுக்கு உயர்ந்துவிடும், அப்போது அவர் நின்றே பார்க்கலாம்.