அரிசி கொடுத்தால் போதுமா? கல்லறைத் தோட்டமும் பிறரன்பும்: ஒரு விவாதம்

காவிரிக்கரையான்:
போன ஞாயிறு பூசையில் நல்ல சமாரியன் உவமை பற்றி மறையுரை. வழியில் கள்வரிடம் அடிபட்டுக் கிடந்தவனுக்கு ஒரு சமாரியன் உதவிய, இயேசு சொன்ன கதை அது. எங்கள் வின்சென்ட் தே பவுல் சபையைப் பங்குத்தந்தை பாராட்டினார். மாதாமாதம் அரிசி, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மாத்திரை, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் எல்லாம் கொடுக்கிறார்கள். சாதி பார்த்துக் கொடுப்பதில்லை, அது உண்மை. ஆனால் அதே பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த வட்டாரத்தில், கல்லறைத் தோட்டம் இரண்டு. தலித் வீட்டில் சாவு என்றால் பெட்டி போகும் பாதையே வேறு. பங்குப் பேரவையில் கேட்டேன். "அது ஊர் வழக்கம். பிறரன்புப் பணிதான் குறையில்லாமல் நடக்கிறதே" என்றார்கள். உயிரோடு இருக்கும்போது அரிசி கொடுத்துவிட்டு, செத்த பிறகு பக்கத்தில் படுக்கக்கூடாது என்றால் அதைப் பிறரன்பு என்று எப்படிச் சொல்வது?

அன்பியம் பொறுப்பாளர்:
தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் செய்கிற நல்லதை இவ்வளவு மலிவாகப் பேசாதீர்கள். அந்த மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வெயிலில் நடக்கிறவர்கள் அறுபது வயதைத் தாண்டிய பெண்கள். ஆண்டவர் சொன்ன சமாரியன் சட்டத்தை மாற்றப் போகவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்தான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு தெனாரியம் காசு கொடுத்தான். அன்பு என்பது எதிரே வருகிற ஆளுக்குச் செய்வது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரில் கை வைத்தால் ஊர் இரண்டாகும். 2008 மார்ச்சில் எறையூரில் என்ன நடந்தது? கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதி மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. அப்படி ஒரு நாள் நம் பங்குக்கும் வர வேண்டுமா?

பாளையங்கோட்டைக்காரன்:
ஐயா, எறையூரைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அங்கே தலித் மக்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். ஒரே கோவிலுக்குள் சமமாக நிற்க விட்டிருந்தால் யார் தனியாகக் கேட்கப் போகிறார்கள்? பிரிவினை முதலிலேயே இருந்தது, கேள்வி கேட்டவர்கள் அதைக் கொண்டுவரவில்லை.

உவமைக்கு வருகிறேன். யூதர்கள் சமாரியரோடு ஒட்டுறவு வைப்பதில்லை என்று யோவான் நற்செய்தி 4-ல் இருக்கிறது. அப்படி ஒதுக்கப்பட்ட ஒருவனைத்தான் இயேசு, 'எனக்கு அடுத்திருப்பவர் யார்?' என்று கேட்ட திருச்சட்ட அறிஞருக்கு முன்மாதிரியாக நிறுத்துகிறார். அடிபட்டவனுக்கு யார் அடுத்திருப்பவர் என்று கதை முடிவில் திருப்பிக் கேட்கிறார். அந்த அறிஞருக்கு 'சமாரியன்' என்ற பெயரைச் சொல்லவே வாய் வரவில்லை. 'இரக்கம் காட்டியவர்' என்று சுற்றி வளைத்துச் சொல்கிறார். வெறும் உதவியைப் பற்றி மட்டும் பேசுவதாக இருந்தால், கதையில் ஒரு நல்ல யூதனையே உதவ வைத்திருக்கலாமே. நம் ஊரில் எப்போதும் நாம்தான் சமாரியன், தலித் வீட்டார்தான் அடிபட்டுக் கிடப்பவர். கொடுப்பவராக அவர்களை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

சேகரத்துப் பெண்:
கத்தோலிக்க அண்ணன்மார் பேசுவதால் புராட்டஸ்டன்ட் சபையார் நாங்கள் சுத்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி இருக்கக்கூடாது என்று கண்டிப்பாகக் கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் விலகிப் போனார்கள். சாதியை விட மனமில்லை, சபையை விட மனம் வந்தது. இன்றைக்கு எங்கள் சபையில் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறோம். ஆனால் கிறிஸ்தவ மணமகன் தேவை என்று வருகிற விளம்பரங்களைப் பாருங்கள், சாதிப் பெயர் முதல் வரியிலேயே இருக்கும். பைபிளில் யாக்கோபு எழுதிய கடிதத்தின் 2-ஆம் அதிகாரம் இதைத்தான் பேசுகிறது. பணக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் கால்மாட்டில் இடம் என்று பிரித்தால், பிறனை நேசி என்ற கட்டளையையே மீறுகிறீர்கள் என்கிறார். அவரும் உட்காரும் இடத்தைப் பற்றித்தான் பேசுகிறார் ஐயா, அரிசியைப் பற்றி அல்ல.

அன்பியம் பொறுப்பாளர்:
வசனம் சரி. நான் கேட்பது வழிமுறை. மனசு மாறாமல் சுவர் மட்டும் விழுந்தால் என்ன பயன்?

பாளையங்கோட்டைக்காரன்:
எங்கள் மாவட்டத்து வடக்கன்குளத்தைப் பாருங்கள். ஒரே பீடம், அதற்கு இரண்டு பக்கமும் தனித்தனிக் கூடம், நடுவில் சுவர். சாதி வாரியாக நின்று பூசை பார்த்தார்கள். 1910-ல் சுவரை இடித்தார்கள். மனசு மாறட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. எதிர்த்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். அதன் பிறகு பிறந்த பிள்ளைகள் அந்தச் சுவர் இல்லாத கோவிலில்தான் நற்கருணை வாங்கி வளர்ந்தார்கள். மனசு மாற அதுவும் ஒரு வழி.

காவிரிக்கரையான்:
இன்னொன்று. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து இல்லை. சீக்கியரை 1956-லும் பௌத்தரை 1990-லும் சேர்த்தார்கள், நம்மவர் இன்னும் வெளியேதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்குக் கிடையாது. அரசும் கைவிட்ட ஆளுக்குத் திருச்சபையைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? 2003-ல் தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். 2016-ல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. மேலிடம் பேசிவிட்டது, நம் பேரவை மேசையில்தான் காகிதம் நகர மாட்டேன் என்கிறது.

ஏற்கனவே உள்ள கல்லறைகளைத் தொட வேண்டாம். இனிமேல் இறப்பவர்களை, யாராக இருந்தாலும், இறந்த வரிசையில் ஒரே இடத்தில் அடக்கம் செய்வோம். பங்குப் பேரவையில் நான் வைக்கும் தீர்மானம் இவ்வளவுதான்.

அன்பியம் பொறுப்பாளர்:
குடும்பக் கல்லறைக்குப் பணம் கட்டி இடம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கணவன் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று கேட்கிற விதவைக்கு என்ன சொல்வீர்கள்? அதையும் அன்போடுதானே பார்க்க வேண்டும்? நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு இரண்டு தோட்டத்திலும் எல்லோரும் சேர்ந்து போய்க் கல்லறைகளை மந்திரிப்போம், அதாவது செபித்து ஆசீர்வதிப்போம். அதை நானே முன்மொழிகிறேன். வரிசை அடக்கத்துக்கு இப்போது கை தூக்க மாட்டேன்.

சேகரத்துப் பெண்:
அந்த அம்மாவின் இடத்தை யாரும் பறிக்க வேண்டாம் ஐயா. பணம் கட்டியவர்களுக்கு விலக்கு கொடுங்கள், புதிதாக இடம் விற்பதை மட்டும் நிறுத்துங்கள். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

காவிரிக்கரையான்:
அக்கா சொன்னதை ஏற்கிறேன். பணம் கட்டியவர்களுக்கு விலக்கு என்று தீர்மானத்தில் சேர்த்துவிடுகிறேன். ஐயா, கூட்டு மந்திரிப்புக்கு நன்றி, நான் வழிமொழிகிறேன். ஆனால் இரண்டையும் ஒரே தீர்மானமாக வைக்க மாட்டேன். மந்திரிப்பு நிறைவேறியதும், வரிசை அடக்கத்தைத் தனியாக வாக்கெடுப்புக்கு விடச் சொல்வேன். நீங்கள் எதிர்த்தே கை தூக்குங்கள், ஆனால் அந்தப் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பங்களையும் கூட்டத்துக்கு அழைத்து, அவர்கள் முன்னால் தூக்குங்கள்.