ஜூன் மழையில் காலிக்குச் சைக்கிள்: நல்ல ரெயின்கோட் எது?

வெள்ளவத்தை ஓட்டி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. இரண்டு வருடங்களாக ஞாயிறு காலைகளில் நீர்கொழும்புக்குப் போய்வருவதைத் தவிர நீண்ட ஓட்டம் எதுவும் செய்ததில்லை. வருகிற ஜூன் மாதம் நண்பர் ஒருவருடன் காலி வீதி வழியாகக் காலிக்குச் சென்று, ஓர் இரவு தங்கித் திரும்ப எண்ணியிருக்கிறேன். வெள்ளவத்தையிலிருந்து ஒரு வழிக்கு ஏறத்தாழ 110 கிலோமீற்றர் வரும்.

ஒத்திகையாகக் கடந்த வாரம் களுத்துறை வரை போனோம். பாணந்துறையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொள்ளவே, ரெயின்கோட்டை மாட்டினேன். களுத்துறையில் அதைக் கழற்றியபோது உள்ளே இருந்த சட்டையைப் பிழிந்து நீர் எடுக்க முடிந்தது. தொடையிடுக்கில் தோல் உரிந்து, இரண்டு நாட்கள் அலுவலக நாற்காலியில் ஒருக்களித்தே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பார்த்தால் செயின் முழுவதும் செந்துரு. நீர் உட்புகாத நல்ல ரெயின்கோட் எது? மட்காட் பூட்டுவது அவசியமா? எத்தனை மணிக்குப் புறப்படலாம்?

பழைய மிதி எழுதுகிறார்:

ரெயின்கோட்டைத் தேடி அலைய வேண்டாம் என்பதே என் கருத்து. குளிர்நாட்டில் மழை ஆபத்து. நம் கரையோரத்தில் 28, 29 பாகை வெப்பத்தில் பெய்யும் மழை உடம்புக்கு ஒரு வகையில் உதவிதான். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடற்சூட்டைக் குறைப்பதுமில்லை. அதன்மேல் நீர் புகாத கோட்டையும் போர்த்திக்கொண்டு மிதித்தால், இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்து பயணம் செய்கிற கதைதான். எப்படியும் நனையப் போகிறீர்கள் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, நனைந்தபடி ஓட்டுவதற்கு வண்டியையும் உடம்பையும் ஆயத்தப்படுத்துங்கள்.

டயரிலிருந்து தொடங்குங்கள். ஈரத்தில் கண்ணாடித் துண்டு றப்பரை வழுக்கிக்கொண்டு எளிதாக அறுத்து இறங்கும். அதனால்தான் மழை நாளில் அடிக்கடி காற்றுப் போகிறது. புறப்படுவதற்கு முதல் நாள் டயரைக் கழற்றி, உட்பக்கத்தில் ஒரு பஞ்சுத் துண்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். எங்கே பஞ்சு சிக்குகிறதோ அங்கே ஏதோ குத்தி நிற்கிறது. ஊசியால் நெம்பி எடுத்துவிடலாம். ஈர டியூபில் ஒட்டு பிடிக்காது என்பதால், ஒட்டுச் சாமானை மட்டும் நம்பாமல் புது டியூப் இரண்டு கொண்டு செல்லுங்கள். டாம் வீதிச் சைக்கிள் கடைகளில் வாங்கும்போது உங்கள் டயரில் அச்சிட்டிருக்கும் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

பிறேக் கட்டைகளில் தேய்மானம் தெரிந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், கரையோர மணல் அவற்றை அரம்போல் அராவும். ரிம்மைப் பிடிக்கும் பிறேக் என்றால், ஈரத்தில் முதல் ஒன்றிரண்டு சுற்றுகளுக்கு அது தண்ணீரைத்தான் துடைக்கும், வண்டியை நிறுத்தாது. முன்கூட்டியே மெதுவாக அழுத்திப் பழகுங்கள். காலியில் இறங்கிய அன்றிரவே பழைய சாரத்துணியால் செயினைத் துடைத்து, கண்ணி கண்ணியாக எண்ணெய் விட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும்.

மட்காட் அவசியம், முதுகில் சேறு படாமல் இருப்பதற்காக மட்டுமன்று. முன் சக்கரம் இறைக்கும் வீதித் தண்ணீர் நேராக உங்கள் தண்ணீர்ப் போத்தலின் வாய்க்கே போகிறது. வாயை மூடும் மூடியுள்ள போத்தலாகப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை மருந்தாளர் எழுதுகிறார்:

அந்தப் போத்தல் விடயம் சின்ன விடயமன்று. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீரில் இருக்கும். தோலிலுள்ள காயம் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடலுக்குள் போகும். தோல் உரிந்த நிலையில் தேங்கிய வெள்ளத்துக்குள் இறங்காதீர்கள். பயணத்துக்குப் பிறகு காய்ச்சலும் தசைவலியும் வந்தால், எங்கே போனீர்கள் என்பதை வைத்தியரிடம் மறக்காமல் கூறுங்கள். தாமாக மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்.

மழையில் தாகம் தெரியாது, ஆனால் வியர்வை நிற்பதில்லை. வெறும் தண்ணீரையே மணிக்கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றும். ஒரு பக்கெற் ஜீவனியை (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) ஒரு லீற்றர் நீரில் கரைத்து ஒரு போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். வழிநெடுக விற்கும் செவ்விளநீர் நல்லதுதான். அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, ஆகவே கூடவே உப்புக் கடலையோ உப்பிட்ட வடையோ சாப்பிடுங்கள்.

உங்கள் புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் பருத்தி உள்ளாடையாக இருக்கலாம். நனைந்த பருத்தியின் தையல் தொடையில் உரசிக்கொண்டே இருக்கும். பஞ்சணை தைத்த சைக்கிள் காற்சட்டையை உள்ளாடையின்றி அணிந்து, உரசும் இடங்களில் பெற்றோலியம் ஜெலியைத் தாராளமாகத் தடவுங்கள். இன்னொன்றைப் பொலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி எடுத்துச் சென்று அளுத்கமையில் மாற்றுங்கள்.

தெஹிவளைக்காரர் எழுதுகிறார்:

பழைய மிதி அண்ணாவுடன் ஒரு விடயத்தில் முரண்படுகிறேன். ஓடும்போது ரெயின்கோட் வேண்டாம், சரி. ஆனால் நனைந்த உடம்போடு தேநீர்க் கடையில் இருபது நிமிடம் இருந்தால் நடுங்கும். கைக்குள் மடங்கும் மெல்லிய மஞ்சள் கோட் ஒன்றை வைத்திருங்கள். மழை கொட்டி வீதி மங்கும்போது பின்னால் வரும் தனியார் பஸ்ஸின் கண்ணுக்கும் அது படும். பின்புறச் சிவப்பு விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள்.

காலை 5.15க்குப் புறப்பட்டால், கொழும்பை நோக்கி வரும் நெரிசலுக்கு எதிர்த்திசையில் நீங்கள் தப்பிவிடலாம். தென்மேல் பருவக்காற்று வலப்பக்கக் கடலிலிருந்து அடிக்கும். கட்டடங்கள் விலகும் இடங்களில் திடீரென்று இடப்பக்கம் தள்ளும். மழை தொடங்கிய முதல் பத்து நிமிடங்களில் எண்ணெய் மிதந்து வீதி வழுக்கும். வெள்ளைக் கோடுகளும் ரயில் தண்டவாளங்களும் அதைவிட மோசம், தண்டவாளத்தைச் செங்குத்தாகவே கடக்க வேண்டும். அதிவேக வீதிக்குள் சைக்கிளுக்கு அனுமதியில்லை, அந்த யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

வெள்ளவத்தை ஓட்டி மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. ரெயின்கோட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் மட்காட்டும் இரண்டு டியூபும் காற்சட்டையும் வாங்கியாயிற்று. இன்றிரவு பஞ்சு இழுத்துப் பார்த்தேன்: பின் டயரில் மூன்று கண்ணாடிச் சில்லுகள், ஒரு ஸ்டேப்ளர் கம்பி. இவற்றோடுதான் களுத்துறைக்குப் போய்வந்திருக்கிறேன்.