வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டி: பிள்ளைகளோடும் மாமியோடும் போகலாமா?

வெள்ளவத்தை அம்மா:

வணக்கம். இந்த முறை தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் வருகிறோம். அன்று பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக எனக்கு நல்ல விருப்பம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. மாமியும் கூட வருவா. முழங்கால் வருத்தம் என்பதால் கனநேரம் நிற்க மாட்டா. இவருக்குச் சனக்கூட்டம் என்றாலே ஒத்துவராது. வீடியோவில் பார்த்தால் போதாதா என்று கேட்கிறார்.

டிக்கெட் ஏதும் எடுக்க வேண்டுமா? எத்தனை மணிக்குப் போனால் நல்லது? மாமியை எங்கே இருத்தலாம்? காலிமுகத்திடலில் வாங்கிய பிளாஸ்டிக் பட்டம் ஒன்று மகனிடம் இருக்கிறது. அதை அங்கே ஏற்ற விடுவார்களா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பொலிகண்டியான்:

வாங்கோ தங்கச்சி, கட்டாயம் வாங்கோ. டிக்கெட் என்று ஒன்றும் இல்லை. உதயசூரியன் கடற்கரைக்கு யாரும் வரலாம், பார்க்கக் காசு வாங்க மாட்டார்கள். நான் பக்கத்து ஊர். சின்ன வயதில் அண்ணன்மாருக்கு நூல் பிடித்தவன், இப்போது மருமகன்மார் போட்டிக்குப் பட்டம் கட்டுகிறார்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் நேரத்தைச் சொல்கிறேன். எல்லாரும் வீட்டில் பொங்கிப் படைத்து, மத்தியானம் சாப்பிட்டு, ஒரு கண் அயர்ந்து எழும்பி நாலு மணிக்குத்தான் வெளிக்கிடுவார்கள். அந்த நேரம் வந்தால் முன்னால் நிற்பவரின் முதுகும் மேலே சின்னச் சின்னப் புள்ளிகளும்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். நீங்கள் ஒரு மணிக்கே வந்துவிடுங்கோ. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியிலும் பட்டா வாகனத்திலும் பட்டங்கள் வந்து இறங்கும் நேரம் அது. கப்பல், விமானம், நாகபாம்பு, யானை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். வானத்தில் கையளவு தெரிகிற பட்டம் மணலில் ஒரு அறையளவு கிடக்கும். மூங்கிலைச் சீவி, நூலால் வரிந்து, தாளை இழுத்து ஒட்டியிருப்பதைப் பிள்ளைகள் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கேட்டால் பெடியள் ஆசையாகச் சொல்லித் தருவார்கள். என்னைக் கேட்டால் போட்டியில் பாதி அங்கேயே இருக்கிறது. வீடியோவில் அது வராது என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கோ.

முச்சை கட்டும் இடத்தில் மகனைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கோ. மேலே இரண்டு, கீழே ஒன்று என்று மூன்று நூல் வந்து ஒரு முடிச்சில் சேரும். அந்த முடிச்சைப் பிடித்துப் பட்டத்தைத் தூக்கி, ஒரு பக்கம் சரிகிறதா என்று பார்ப்பார்கள். காற்று கடுமையென்றால் மேல் நூலை விரலளவு குறைப்பார்கள். அப்போது பட்டம் காற்றை நேரே முட்டாமல் கொஞ்சம் படுத்து நிற்கும். ஒரு விரல் கூடினாலும் குறைந்தாலும் பட்டம் குத்துக்கரணம் அடித்துத் தலைகீழாக இறங்கிவிடும். மாதக்கணக்கில் கட்டியது ஒரு நிமிடத்தில் முறிந்து கிடக்கும்போது பெடியளின் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால்தான் முச்சைக்கு அவ்வளவு நேரம் எடுக்கிறார்கள்.

பிறகு ஏற்றுவது. கயிற்றைப் பிடிக்க ஒரு கூட்டம், தூரத்தில் பட்டத்தைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு கூட்டம். காற்று ஒரு எழுப்பு எழுப்பும்வரை பேசாமல் நிற்பார்கள். வந்ததும் ஒருவன் கத்துவான், அங்கே கைவிடுவார்கள், இங்கே எல்லாரும் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து கடல் மேலாக வருவதால் மரம், வீடு என்று ஒரு தடையும் கிடையாது. காற்று சீராக வரும். காற்றைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. பாய் கட்டிய கைகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்குப் பட்டம் கட்டுகிறார்கள் என்று எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை.

வெயிலை மறக்காதீர்கள். வாடைக்குப் பட்டம் தென்மேற்கே சாய்ந்து நிற்கும், பின்னேர வெயிலும் அந்தப் பக்கம்தான். அண்ணாந்து பார்த்தால் கண் கூசும். தொப்பி எல்லாருக்கும் வேண்டும், மகளுக்குக் கட்டாயம் வேண்டும். மாமிக்கு ஒரு மடக்குக் கதிரை கொண்டுவாங்கோ. மணலுக்குள் இறக்காமல் வீதிக் கரையோரமாக இருத்தினால் ஆட்கள் மோதவும் மாட்டார்கள், எழும்பி நடக்கவும் லேசு.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கோ. கயிற்றுக்குக் கிட்டப் பிள்ளைகளை விடக்கூடாது. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு இளைஞரைப் பட்டக் கயிறு அப்படியே மேலே தூக்கிப்போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் உயிர் தப்பியது பெரிய விஷயம். ஓடுகிற கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிடும், காலில் சுற்றினால் ஆளை விழுத்தும். ஏற்றும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கோ.

மகனின் பட்டத்தை அங்கே ஏற்ற வேண்டாம். போட்டிப் பட்டத்தோடு சிக்கினால் இரண்டு பக்கமும் மனவருத்தம். அடுத்த நாள் காலை பருத்தித்துறை முனைப் பக்கமோ எங்கள் பொலிகண்டிக் கரையிலோ ஆசைதீர ஏற்றலாம். மின்கம்பி இல்லாத இடமாகப் பாருங்கோ. வாடைக்குப் பிளாஸ்டிக் பட்டம் நிற்காமல் சுழலும். பழைய சீலையில் நீளமாக ஒரு வால் கிழித்துக் கட்டிவிடுங்கோ, நிற்கும்.

நீர்வேலி அக்கா:

அண்ணா சொன்னதெல்லாம் சரி. நான் போக்குவரத்தைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து கிட்டத்தட்ட முப்பது கிலோமீற்றர். மாமியும் சின்னப் பிள்ளையும் இருப்பதால் பஸ்ஸை நம்ப வேண்டாம், வான் பிடியுங்கள். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் வெளிக்கிடுவதால் வீதி அசையாது. வானைக் கடற்கரைக்குக் கிட்டக் கொண்டுபோகாமல் உள்வீதி ஒன்றில் நிறுத்திவிட்டு நடந்தால், வரும்போது சுகம். மாமியை மட்டும் முதலில் கரையில் இறக்கிவிடுங்கள்.

மலசலகூடத்துக்குக் கடற்கரையை நம்பாதீர்கள். அந்தப் பக்கம் தெரிந்தவர் வீடு ஒன்று இருந்தால் முதலே சொல்லிவையுங்கள். கூட்டத்தில் போன் வேலை செய்யாமலும் போகலாம். அதனால் மகளின் கையில் உங்கள் நம்பரைப் பேனையால் எழுதி, தவறினால் எல்லாரும் வந்து சேரவேண்டிய இடம் இது என்று மகனுக்குக் காட்டிவையுங்கள். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. கச்சான், வடை, ஐஸ்கிறீம் எல்லாம் கிடைக்கும். தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

சிட்னி வாசி:

இங்கே போண்டை கடற்கரையில் 1978இல் தொடங்கிய காற்றுத் திருவிழா ஒன்று இருக்கிறது. செப்டெம்பரில் நடக்கும், அதுவும் இலவசம். பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். காற்று நிரப்பிய பெரிய பெரிய பட்டங்கள், நல்ல வடிவு. ஆனால் நான் போனபோது ஒரு விண்ணும் கூவவில்லை. எனக்குப் பட்டம் என்றால் விண் கூவ வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லி விளக்கப் பார்த்தேன், முடியவில்லை. நீங்கள் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

வெள்ளவத்தை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. இவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு மணிக்கே போவதென்றால் கூட்டத்துக்கு முதலே நல்ல இடம் பிடிக்கலாம் என்று ஓமென்றுவிட்டார். மகன் விண் என்றால் என்ன, எப்படிக் கூவும் என்று துளைக்கிறான். நான் கொழும்பில் வளர்ந்தவள், எனக்கும் சரியாகத் தெரியாது.

பொலிகண்டியான்:

மகன் கேட்டதுதான் கேள்வி. ஒரு தடியைச் சீவி வில்லாக வளைத்து, இரண்டு நுனிக்கும் நடுவே தட்டையான நார் ஒன்றை விறைக்கக் கட்டுவார்கள். அதைப் பட்டத்தின் தலைப்பக்கம் பூட்டுவார்கள். பட்டம் மேலே போனதும் காற்று பட்டு நார் அதிரும், அந்த அதிர்வுதான் கூவல். எங்கள் அப்பா காலத்தில் பனைமட்டை நாரை மெல்லிசாக வாட்டிச் சீவுவார்கள். இப்போது பார்சல் கட்டும் நார்தான் கூட. சத்தம் பெரிதாக வரும் என்பது உண்மை, ஆனால் பனைநாரின் கூவல் காதுக்கு இதமானது என்பது என் கட்சி. நீள விண் தடித்த குரலில் உறுமும், குட்டை விண் கீச்சென்று கூவும். இரண்டு மூன்றை அடுக்கிப் பூட்டினால் எல்லாம் சேர்ந்து கூவும். வில்லின் இரண்டு கையும் ஒரே பாரமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பட்டம் ஒரு பக்கம் இழுக்கும்.

இந்தப் பட்டக் காலத்தில் ஊரில் விண் பூட்டிய பட்டத்தை இரவிலும் இறக்காமல் மரத்தில் கட்டிவிடுவார்கள். பிள்ளைகள் படுத்துக்கொண்டே கேட்கலாம். அதனால் பொங்கலன்று யாழ்ப்பாணம் திரும்பாமல் இங்கே வடமராட்சிப் பக்கமே தங்க ஒரு வீடு பாருங்கோ. வழிநெரிசலும் உங்களுக்கு மிச்சம். முடிந்தால் முதல் நாளே வாங்கோ, மருமகன்மார் விண்ணுக்கு நார் கட்டும்போது மகனையும் பக்கத்தில் இருத்துகிறேன். தனிமடலில் நாளைச் சொல்லுங்கோ.