அப்பாவுக்கு டிபிஎஸ் (மூளைக்கு மின்தூண்டல் தரும்) ஆபரேஷன்: செய்துகொண்டவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். நாங்கள் கடலூர் முதுநகர். அப்பாவுக்கு 63 வயது, பார்க்கின்சன் (நடுக்க நோய்) வந்து 9 வருடம். வலை பின்னிய கை. இப்போது டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி லுங்கியில் கொட்டிவிடுகிறது. லெவோடோபா மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் நன்றாக நடக்கிறார், அப்புறம் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது.

டாக்டர் டிபிஎஸ் செய்யலாம் என்கிறார். மூளைக்குள் மெல்லிய மின்முனை, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் மாதிரி பேட்டரி. நோய் குணமாகாது, தொந்தரவுதான் குறையும் என்பது புரிகிறது. "முழிச்சிருக்கும்போதே மண்டையில ஓட்டை போடுவாங்களாமே" என்று அம்மா அழுகிறார்.

புதுச்சேரி, சென்னைப் பக்கம் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? பேச்சு குழறியதா? மின்சார அளவைச் சரிசெய்ய எத்தனை தடவை போனீர்கள்? பேட்டரி சார்ஜ் போடும் வகையா, மாற்றும் வகையா? அம்மாவிடம் ஒருவர் போனில் பேசினால்கூடப் போதும்.