டண்டீயில் ஓர் அறைக் குடும்பங்கள்

மீனா: நேற்று ராத்திரி முழுக்க 1861 சென்சஸ் பக்கங்களோடுதான் இருந்தேன். ஸ்காட்லாந்து நகரமான டண்டீயில் அப்போது மில்தான் பிழைப்பு. அப்பா, அம்மா, பிள்ளைகள், போதாததற்கு உள்வாடகைக்கு ஒருவர். எல்லாருக்கும் ஒரே அறை.

பெரியம்மா: அறைக் கணக்கையுமா எழுதினார்கள்?

மீனா: ஆமாம் பெரியம்மா. ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை என்று ஸ்காட்லாந்தில் அந்த வருஷம் தனியாகக் கேட்டார்கள். மில் தெருக்களில் 1, 1, 2, 1 என்றே போகிறது. நாட்டில் பாதிப்பேருக்கு மேல் ஓர் அறை, ஈரறை வீடுகளில்தான் இருந்தார்கள்.

சித்தப்பா: சணல் மில்தானேம்மா? வங்காளத்துச் சணல்.

மீனா: அதேதான் சித்தப்பா. அந்த முரட்டு நாரைத் திமிங்கில எண்ணெய் ஊற்றிப் பதப்படுத்தித்தான் நூற்க முடியும். டண்டீயிலிருந்து திமிங்கில வேட்டைக்கும் கப்பல் போனது, எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. கூலி குறைவு என்று பெண்களையும் பிள்ளைகளையுமே அதிகம் வைத்துக்கொண்டார்கள். மனைவி மில்லுக்குப் போக, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த ஆண்களைக் கெட்டில் கொதிக்க வைப்பவர்கள் என்று ஊர் கேலி பேசியது.

அருண்: பிள்ளைகள் படிக்கவே இல்லையா அக்கா?

மீனா: பாதி நாள் மில், பாதி நாள் பள்ளி அருண். பின்னால் ஆப்பிரிக்காவில் கலபார் போய்ப் பெயர் வாங்கிய மிஷனரி மேரி ஸ்லெஸர், 11 வயதில் இங்கே பாக்ஸ்டர் மில்லில் அப்படித்தான் சேர்ந்தார். 5 முதல் 13 வயது வரை கட்டாயப் படிப்பு என்று 1872-இல்தான் சட்டம் வந்தது. அதற்கப்புறமும் அரைநாள் வேலை நிற்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை!

பெரியம்மா: ஐயோ பாவமே.

மீனா: பிறந்த ஊர்க் கட்டத்தைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. ஸ்காட்லாந்தில் பிறந்தவருக்கு எந்தப் பாரிஷ், அதாவது எந்தத் தேவாலய வட்டாரம் என்பதுவரை இருக்கிறது. பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ்காரருக்குப் பெரும்பாலும் 'அயர்லாந்து', அவ்வளவுதான். கொள்ளுப்பேரன் இன்று எந்தக் கிராமத்தைப் போய்த் தேடுவான்?

சித்தப்பா: பிள்ளைகள் பிறந்த இடத்தை வரிசையாகப் பாரும்மா. மூத்தது அயர்லாந்து, அடுத்தது டண்டீ என்றிருந்தால் அந்த இரண்டு வயதுக்கும் நடுவில்தான் கடல் தாண்டியிருக்கிறார்கள்.

மீனா: அருமை சித்தப்பா! இன்றைக்கே அப்படிப் பார்க்கிறேன். வயதை மட்டும் நம்ப முடியவில்லை. பத்து வருஷத்தில் ஏழு வயதுதான் கூடியிருக்கும் சிலருக்கு.

அருண்: 1861-இல் இருந்த குழந்தை 1871-இல் இல்லை என்றால் இறந்துவிட்டது என்று அர்த்தமா?

மீனா: அப்படி முடிவு கட்டக்கூடாது. அன்று ராத்திரி யார் அந்த வீட்டில் தங்கினார்களோ அவர்கள் பெயர்தான் ஏறும். பாட்டி வீட்டில் தூங்கியிருக்கலாம், வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருக்கலாம். 1855 முதல் ஸ்காட்லாந்தில் இறப்பைப் பதிவது கட்டாயம். அதில் தாய் தந்தை இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்கும். முதலில் அதைத் தேட வேண்டும்.

பெரியம்மா: தேடு கண்ணு. கிடைத்தால் இங்கேயே போடு.