புதுப்பிப்பு: ஐந்து கேலக்சிகளும் சிக்கின

போன மாதம் ஸ்டீஃபன்ஸ் குவின்டெட் (வானில் நெருக்கமாகத் தெரியும் ஐந்து கேலக்சிகள், அதாவது விண்மீன் மண்டலங்கள்) படத்தைப் போட்டு, ஐந்து கேலக்சிக்குப் பதில் ஒரே மங்கல் திட்டுதான் வந்தது என்று புலம்பியிருந்தேன். மொட்டைமாடியில், தெருவிளக்கு வெளிச்சத்தில், மொத்தமே 20 நிமிடம் எடுத்தால் வேறென்ன வரும்?

இந்த முறை அதே 8 அங்குலத் தொலைநோக்கியோடு ஊரைவிட்டு வெளியே போனேன். பெகாசஸ் விண்மீன் குழுவில் என்ஜிசி 7331 (என்ஜிசி என்பது வான்பொருள் பட்டியல் ஒன்றின் பெயர்) என்ற கேலக்சியைப் பிடித்து, அங்கிருந்து தென்மேற்காக அரை டிகிரி நகர்த்தினேன். ஒரு நிமிடப் படங்கள் 180. பனி இறங்கி வீணானவை 30. மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கியதும் ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தன!

எனக்குப் பிடித்தது என்ஜிசி 7320. கொஞ்சம் நீலமாக இருக்கிறதே, அதுதான். உண்மையில் அது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லை. அது சுமார் 4 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்க, மற்ற நான்கும் கிட்டத்தட்ட 29 கோடியில் முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. 1877-இல் வானியலாளர் எதுவார் ஸ்டீஃபன் பிரான்சின் மார்செய் நகரில் இந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தபோது இந்தத் தூரக் கணக்கெல்லாம் ஏது?

தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்தபோது ஓரப்பார்வையில் (நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்து) இரண்டுதான் தேறின. மூன்றாவது என் ஆசையாகவும் இருக்கலாம்.